வோல்ட்டும் ஆம்பியரும்: கிணற்று மோட்டாருக்கும் கிணற்று நீருக்கும் ஒரே கணக்கு

பாலாற்றை ஒட்டிய கிராமங்களில் வெள்ளாமை என்பது கிணற்றை நம்பியதே. ஆற்றில் நீர் புரளும் நாட்கள் சொற்பம். ஏரி நிரம்பும் ஆண்டுகளும் அப்படியே. முற்காலத்தில் கவலை ஏற்றத்தில் மாடு பூட்டி இறைத்த குடியானவர், மாட்டின் நடையையும் மூச்சையும் பார்த்தே அதற்கு எவ்வளவு பாரம் தகும் என்று கண்டுகொள்வார். இன்று அம்மாடுகளின் இடத்தில் மோட்டார் இருக்கிறது. அதற்கு நடையுமில்லை, மூச்சுமில்லை. பதிலாக ஸ்டார்ட்டர் பலகையில் இரண்டு முட்கள் இருக்கின்றன. ஒன்று வோல்ட்டையும் மற்றொன்று ஆம்பியரையும் காட்டும். இவ்விரு முட்களையும் படித்தறியும் குடியானவர் மிகச் சிலரே என்பது இக்கட்டுரை எழுதுவோனின் அனுபவம். அவற்றைப் படிக்கத் தெரியாமையால் விளையும் நஷ்டமும், தெரிந்தால் கிட்டும் லாபமும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

ஒரு குடியானவரின் கதை

ஆம்பூருக்குக் கீழே பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பெரியவர் ஒருவர் இரண்டு ஏக்கர் கரும்பு பயிரிட்டிருந்தார். ஆழ்குழாய்க் கிணற்றில் 5 குதிரைச் சக்தி மோட்டார். ஒரே வருஷத்தில் இரு முறை அதன் காயில் எரிந்துபோய், இரு முறையும் பணம் செலவழித்துப் புதிதாகக் காயில் கட்டினார். எரியாத நாட்களிலும் மோட்டார் சிறிது நேரம் ஓடிய பின் தானே நின்றுவிடும். கரும்பின் தோகை நுனியிலிருந்து கருகி வந்தது.

"ஐயா, மோட்டாருக்குப் பலம் போதவில்லை. தண்ணீர் போதாமல் பயிர் காய்கிறது. வீட்டிலுள்ள நகையை அடகு வைத்து ஏழரை குதிரைச் சக்தி மோட்டார் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார். "பெரியவரே, நகை எங்கும் போய்விடாது. முதலில் முட்களைப் பார்ப்போம்" என்று சொல்லி ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தோம். வோல்ட் முள் 340-லும், ஆம்பியர் முள் 10-க்குச் சற்றுக் கீழும் நின்றன. அவருடைய மோட்டாரின் பெயர்த் தகட்டில் 415 வோல்ட், 8 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. வியாதி இன்னதென்று இவ்விரண்டு எண்களே சொல்லிவிட்டன.

மூன்று சொற்கள்

வாய்க்காலில் நீர் ஓடுவதை எடுத்துக்கொள்வோம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசமே நீரைத் தள்ளுகிறது. மின்சாரத்தில் இத்தகைய தள்ளும் வேகத்திற்கு வோல்ட் என்று பெயர். மதகு வழியே நிமிஷத்துக்கு இவ்வளவு என்று ஓடும் நீரின் அளவைப் போன்றது ஆம்பியர். வாய்க்கால் குறுகலாயும் கோரை மண்டியும் இருந்தால் நீர் தடைப்படுவது போல, கம்பி மெல்லியதாயும் நீளமாயும் இருந்தால் மின்சாரம் தடைப்படும். இத்தடையை ஓம் என்னும் அளவால் குறிப்பர். ஜெர்மனி தேசத்தில் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஆசிரியர் 1827-ல் வெளியிட்ட விதி இதுவே:

தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்

செய்யப்படும் வேலையின் வேகத்தை வாட் என்பர். அதன் கணக்கு:

சக்தி (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியை உதாரணமாகக் கொள்ளலாம். 230 வோல்ட்டில் அது 4.35 ஆம்பியர் இழுக்குமானால், அதன் தடை சுமார் 53 ஓம். சக்தி 1,000 வாட். மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் ஆம்பியர் 3.4 ஆகவும், சக்தி ஏறக்குறைய 610 வாட்டாகவும் குறையும். பெட்டி சரியாகச் சுடாது. ஆனால் அதற்குக் கெடுதல் ஒன்றுமில்லை.

மோட்டாரின் குணம் இதற்கு நேர்மாறானது. இதைக் குடியானவர்கள் முக்கியமாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாரின் கணக்கு

ஓடும் மோட்டாரில் சுற்று வேகத்தினாலேயே ஓர் எதிர் அழுத்தம் உண்டாகிறபடியால், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து அதன் காயிலின் தடையைக் கண்டுவிட முடியாது. மூன்று பேஸ் மோட்டாருக்குச் சக்தியின் கணக்கும் சிறிது வேறானது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, அதை 1.732 என்னும் எண்ணாலும், பவர் பாக்டர் என்னும் பின்னத்தாலும் பெருக்க வேண்டும். கிணற்று மோட்டார்களுக்கு இப்பின்னத்தை 0.8 என்று கொள்ளலாம்.

415 வோல்ட், 8 ஆம்பியர் என்றால் 1.732 × 415 × 8 × 0.8 = சுமார் 4,600 வாட். அதாவது மணிக்கு 4.6 யூனிட். ஒரு குதிரைச் சக்தி 746 வாட். ஆகவே 5 குதிரைச் சக்தி 3,730 வாட். வாங்குகின்ற 4,600-ல் 3,730 தண்டில் வேலையாக வெளிப்படுகிறது. மீதம் உஷ்ணமாய்ப் போகிறது. 30 மீட்டர் ஆழத்திலிருந்து வினாடிக்கு 6 லிட்டர் நீர் ஏறுமானால், நீரைத் தூக்கும் சுத்தமான வேலை சுமார் 1,770 வாட் மட்டுமே. பம்பிலும் குழாயிலும் போவது போக, வாங்கிய சக்தியில் நூற்றுக்கு 38 பங்கே நீராக வயலில் விழுகிறது.

இனி வோல்ட் 340-க்கு இறங்கினால் என்ன ஆகும்? பம்பு கேட்கும் வேலை குறையவில்லை. அதே 4,600 வாட்டை ஈடுகட்ட மோட்டார் 9.8 ஆம்பியர் இழுக்கிறது. காயிலில் உண்டாகும் உஷ்ணம் ஆம்பியரைப் பொறுத்து நேராக ஏறுவதன்று. ஆம்பியரை அதே எண்ணால் பெருக்கிய அளவில் ஏறும். ஆகவே 8 ஆம்பியருக்கு உண்டான உஷ்ணம், 9.8 ஆம்பியரில் ஒன்றரை மடங்காகிறது. பெரியவரின் காயில் எரிந்ததும், எரியாத நாட்களில் ரிலே மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றியதும் இதனாலேயே. மோட்டார் பலவீனமானதன்று, அது அரைப்பட்டினியில் முழுப் பாரம் இழுத்தது. இந்நிலையில் ஏழரை குதிரைச் சக்தி மோட்டாரை மாட்டியிருந்தால், அது இன்னும் அதிக ஆம்பியர் இழுத்து, வோல்ட்டை இன்னும் கீழே இறக்கியிருக்கும்.

கம்பி தின்ற குதிரை

பட்டினிக்குக் காரணம் யாது? வயல் ஓரத்துக் கம்பத்தடியில் அளந்தபோது 388 வோல்ட் இருந்தது. ஸ்டார்ட்டரில் 340. இடையில் 48 வோல்ட் எங்கே போயிற்று? கம்பத்திலிருந்து புதிய கிணறு வரை 250 மீட்டர் தூரத்திற்கு, விலை மலிவு என்று 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி இழுத்திருந்தார்.

ஒரு சதுர மில்லிமீட்டர் கனமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள தாமிரக் கம்பிக்குத் தடை சுமார் 0.017 ஓம்; அலுமினியத்துக்கு 0.028 ஓம். நீளத்தால் பெருக்கி, கனத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். பெரியவரின் கம்பி ஒவ்வொன்றுக்கும் 0.028 × 250 ÷ 2.5 = 2.8 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது ஒரு கம்பியில் 28 வோல்ட் இழப்பு. மூன்று பேஸுக்கு 1.732-ஆல் பெருக்க 48 வோல்ட். கணக்கும் அளவும் ஒத்துப்போயின. மூன்று கம்பிகளும் வீணே உஷ்ணமாக்கிய சக்தி 3 × 10 × 10 × 2.8 = 840 வாட். ஒரு குதிரைச் சக்திக்கும் மேலாகக் கம்பியே தின்றுவிட்டது!

10 சதுர மில்லிமீட்டர் கம்பி மாற்றினோம். தடை 0.7 ஓமாகக் குறைந்தது. ஸ்டார்ட்டரில் 377 வோல்ட் நின்றது. ஆம்பியர் 9-க்குள் வந்தது. கம்பியின் இழப்பு 170 வாட்டாகச் சுருங்கியது. அன்றுமுதல் மோட்டார் நடுவில் நிற்கவில்லை.

இணைப்புகளையும் இவ்வாறே கவனிக்க வேண்டும். தளர்ந்த திருகு ஒன்றில் அரை ஓம் தடை இருந்தால் 8 ஆம்பியரில் 32 வாட் உஷ்ணம் அவ்வொரு புள்ளியிலேயே குவியும். ஈயம் பற்றவைக்கும் சிறிய கோல் ஒன்றுக்கு 25 வாட் போதும் என்பதை நினைத்தால், ஸ்டார்ட்டர் பெட்டிகள் கருகுவதன் காரணம் விளங்கும். மூன்று பேஸ்களின் ஆம்பியரும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் பேதமிருந்தால் மோட்டாரை நிறுத்தி மின்சாரத் தொழிலாளியை அழைப்பதே நலம்.

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984 முதலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதலும் பம்பு மின்சாரம் இலவசம். அதனால் வீணாகும் வாட்டைப் பற்றிக் கவலை ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. மின்சாரம் இலவசமாயினும் காயில் இலவசமன்று. நீர் பாயாமல் போன நாளும் திரும்பி வருவதன்று.

எர்த் குழி சொல்லும் பாடம்

மோட்டார் நன்றாக ஓடியும் கரும்பின் தோகை கருகுவது நிற்கவில்லை. முன்னிலும் அதிகமாகக் கருகியது. பெரியவர் மனம் சோர்ந்தார். அப்பொழுது அவருடைய பம்பு அறைக்கு வெளியேயிருந்த எர்த் குழியைக் காட்டி, "இதில் என்ன இட்டீர்கள்?" என்று கேட்டேன். "உப்பும் அடுப்புக் கரியும் இட்டுத் தண்ணீர் ஊற்றினோம்" என்றார். "ஏன் உப்பு?" "உப்பு இருந்தால்தான் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும் என்று ஒயர்மேன் சொன்னார்."

அவர் சொன்னது சரியே. சுத்தமான நீர் மின்சாரத்தைத் தடுக்கும். உப்புக் கரைந்த நீர் கடத்தும். உப்பு ஏற ஏறத் தடை குறையும். ஆகவே கம்பியின் தடையைக் கண்ட அதே கணக்கால் கிணற்று நீரின் உப்பையும் கண்டறியலாம்.

நீரின் தடை

பரிசோதனைச் சாலையில் செய்யும் முறை இது. ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்புள்ள இரு தகடுகளை ஒரு செண்டிமீட்டர் இடைவெளியில் நீருக்குள் நிறுத்தி, அவற்றினிடையே ஒரு வோல்ட் அளவான மாறு மின்சாரத்தைச் செலுத்துவர். பாட்டரியிலிருந்து வரும் நேர் மின்சாரத்தைச் செலுத்தினால் தகடுகளில் வாயு படிந்து கணக்குப் பிசகும். நல்ல கிணற்று நீரில் ஆம்பியரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஓடினால், தடை 2,000 ஓம். உவர் நீரில் ஆயிரத்தில் நான்கு பங்கு ஓடினால், தடை 250 ஓம்.

தடையைத் தலைகீழாக்கினால் கடத்தும் திறன் வரும். அதனாலேயே ஓம் என்பதை ஆங்கிலத்தில் திருப்பி எழுதி மோ என்று பெயரிட்டனர். இப்பொழுது சீமன்ஸ் என்கின்றனர். 2,000 ஓம் நீருக்குக் கடத்தும் திறன் 500 மைக்ரோசீமன்ஸ். 250 ஓம் நீருக்கு 4,000. உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் இவ்வளவு நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறுமாதலால், 25 டிகிரிக்குச் சரிப்படுத்திச் சொல்வது வழக்கம். சட்டைப் பையில் அடங்கும் சிறு கருவிகள் இவ்வளவையும் தாமே செய்து எண்ணைக் காட்டுகின்றன.

இதைப் படிக்கும் எவரும் வீட்டு மின்சாரத்தை நீரில் விட்டுச் சோதிக்கத் துணியவே கூடாது. நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் உடம்பில் பாயும். அதில் சிறு பங்கே உயிரைப் போக்கப் போதுமானது. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி 30 மில்லி ஆம்பியருக்கு அமைக்கப்படுவது இதனாலேயே.

மணிக்கு ஒரு மூட்டை உப்பு

பெரியவரின் ஆழ்குழாய் நீர் 4,000 மைக்ரோசீமன்ஸ் காட்டியது. ஆயிரம் மைக்ரோசீமன்ஸுக்கு லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு என்பது பொதுவாகக் கொள்ளத்தக்க கணக்கு. அப்படியானால் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல். வினாடிக்கு 6 லிட்டர் வீதம் மணிக்கு 21,600 லிட்டர் இறைத்தால், அதில் 55 கிலோ உப்பு. மணிக்கு ஒரு மூட்டைக்குக் குறையாமல் உப்பைத் தம் நிலத்தில் தாமே கொட்டிக்கொண்டிருந்தார்! மோட்டார் நின்று நின்று ஓடியபோது குறைவாக விழுந்த உப்பு, அது நன்றாக ஓடத் தொடங்கிய பின் அதிகமாக விழுந்தது. ஏழரை குதிரைச் சக்தி மோட்டார் செய்திருக்கக்கூடிய உபகாரம் இதைவிட அதிக உப்பை ஏற்றுவதே.

உலக உணவு விவசாய ஸ்தாபனம் 1985-ல் வெளியிட்ட அளவுகளின்படி, பாசன நீரில் 700 மைக்ரோசீமன்ஸ் வரை தடையில்லை; 700 முதல் 3,000 வரை எச்சரிக்கை தேவை; அதற்கு மேல் கடுமையான தீங்கு. நல்ல வடிகாலுள்ள நிலத்தில் மகசூல் குறையாமல் பயிர்கள் தாங்கும் அளவு பின்வருமாறு:

வெங்காயம் – 800
கரும்பு, மக்காச்சோளம் – 1,100
தக்காளி – 1,700
நெல் – 2,000
நிலக்கடலை – 2,100
சோளம் – 4,500
பருத்தி – 5,100

4,000-த்தில் கரும்பு, வடிகால் நன்றாயிருந்தாலும், மகசூலில் நாலில் ஒரு பங்கை இழக்கும். வடிகால் கெட்ட நிலத்தில் நஷ்டம் இன்னும் அதிகம்.

உப்பு வந்த வழி

பாறைப் பகுதிக் கிணறுகளில் இயற்கையாகவும் சிறிது உப்பு உண்டு. மழை பொய்த்து, இறைப்பு மிஞ்சினால் அது கூடும். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலின் பங்கை மறைப்பதற்கில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைப்பர். சாலைக்கு வந்ததும் முதல் வேலையாக அவ்வுப்பை நீரில் ஊறவைத்துக் கழுவுவர். அந்நீர் பல்லாண்டுக் காலம் ஓடைகளிலும் பாலாற்றிலும் விடப்பட்டது. கிருமிகளைக் கொண்டு கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் அழுக்கை நீக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்கா. அதற்குச் சவ்வு வழியே நீரை அழுத்தி வடித்து, மிஞ்சிய உவர் நீரைக் காய்ச்சி வற்றச் செய்ய வேண்டும்.

வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தது. அசுத்தம் செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நியதி அத்தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டது. தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. 2025 ஜனவரி 30-ந் தேதி அதே கோர்ட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்துத் தீர்க்கவும், அத்தொகையை அசுத்தம் செய்தவர்களிடம் வசூலிக்கவும், பாலாற்றுப் பகுதியைச் சீர்செய்யவும் உத்தரவிட்டது.

இத்தகைய விவகாரங்களில் "எங்கள் தண்ணீர் உப்பு" என்னும் வாய்ச்சொல் எளிதில் எடுபடாது. இன்ன தேதியில், இன்ன சர்வே நம்பர் கிணற்றில், இவ்வளவு மைக்ரோசீமன்ஸ் என்னும் பதிவே நிற்கும்.

பெரியவர் செய்தது

அவர் நகையை அடகு வைக்கவில்லை. மேட்டிலிருந்த பழைய திறந்த கிணற்று நீர் 1,400 மைக்ரோசீமன்ஸ் காட்டியது. ஆழ்குழாய் நீர் ஒரு பங்கும் பழைய கிணற்று நீர் மூன்று பங்கும் தொட்டியில் கலந்தால் 2,050 வருமென்று கணக்கிட்டோம். நிலக்கடலை அதைத் தாங்கும். பழைய கிணறு ஊறுமளவுக்கு ஒரு பகுதியில் நிலக்கடலையும், மற்றப் பகுதியில் சோளமும் விதைத்தார். வரப்பை உயர்த்தி, மழைநீரை வயலிலேயே தேக்கி உப்பைக் கீழிறக்க வடிகாலும் வெட்டினார். கரும்பை விட்டதில் அவருக்கு வருத்தமே. எனினும் மோட்டார் வாங்கிய கடனும் கருகிய கரும்பும் சேர்ந்து தலைமேல் ஏறவில்லை.

செய்ய வேண்டியவை

1. மோட்டார் ஓடும்போது வாரம் ஒரு முறை வோல்ட், ஆம்பியர் இரண்டையும் நோட்டில் குறித்து வருக. பெயர்த் தகட்டில் உள்ளதைவிட ஆம்பியர் மிஞ்சினால் உடனே காரணம் தேடுக.

2. பெரிய மோட்டார் வாங்குமுன், கம்பத்திலும் ஸ்டார்ட்டரிலும் வோல்ட்டை லைசென்ஸ் பெற்ற தொழிலாளியைக் கொண்டு அளக்கச் செய்க. வித்தியாசம் அதிகமானால் கம்பியை மாற்றுக. கம்பத்திலேயே குறைவானால் மின்வாரியத்துக்கு எழுதுக.

3. ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், கிணற்று நீரைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புக. பம்பை அரை மணி ஓட்டிய பின், அந்நீராலேயே கழுவிய புட்டியில் நீர் பிடிக்க வேண்டும்.

4. கடத்தும் திறன் மொத்த உப்பை மட்டுமே காட்டும். அதில் சோடியம் எவ்வளவு, குரோமியம் உண்டா என்பவற்றை அது சொல்லாது. அவற்றைத் தனியே சோதிக்க வேண்டும். சோடியம் மிகுந்து மண் இறுகிய நிலத்துக்கு, பரிசோதனை முடிவுப்படி ஜிப்சம் இட்டு நீர் கட்டி வடிப்பது பலன் தரும்.

5. கிராம நிர்வாக அதிகாரிகள், பரிசோதனைச் சீட்டுகளின் விவரத்தைச் சர்வே நம்பர் வாரியாக ஒரே நோட்டில் எழுதி வைத்தால், ஊரின் எப்பக்கத்தில் உப்பு ஏறுகிறது, எப்பக்கத்தில் இறங்குகிறது என்பது சில ஆண்டுகளில் தானே புலப்படும். புதிய கிணறு வெட்ட இடம் பார்ப்பவருக்கும், இழப்பீடு கோருபவருக்கும் அந்நோட்டு ஒருங்கே உதவும்.

வகுத்தலும் பெருக்கலும் அறிந்த எவருக்கும் மேற்கூறிய கணக்குகள் கடினமானவையல்ல. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிருந்தால் அப்பிள்ளையையே நோட்டு எழுதச் சொல்லலாம். பணத்தைச் செலவிடுமுன் அளந்து பார்க்கும் வழக்கம் நம் குடியானவர்களிடையே பரவினால், காயிலும் மிஞ்சும், காணியும் மிஞ்சும்.